திரை கறுப்பா? மதர்போட்டைத் திருப்பி அனுப்புமுன் பொருத்தத்தைப் பாருங்கள்

திருகோணமலையில் இருந்துகொண்டு, குறைந்த செலவில் ஒரு விளையாட்டுக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிறவருக்குக் கொழும்புக்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு அருகில் குடியிருப்பவர், வாங்கிய ராம் (தற்காலிக நினைவகத் துண்டு) வேலை செய்யாவிட்டால் அன்று பின்னேரமே கடைக்குப் போய் மாற்றிக்கொள்வார். நாமோ அதைப் பொதி செய்து 250 கிலோமீற்றருக்கு மேல் கூரியரில் அனுப்பி, கடைக்காரர் சோதித்துப் பார்க்கும்வரை காத்திருந்து, "பொருளில் பிழை இல்லை" என்ற பதிலோடு அதே பொருளைத் திரும்பப் பெறுகிறோம். அந்தப் பதில் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பொருள் நல்லது, பக்கத்தில் பூட்டிய மற்றப் பொருளோடுதான் அது ஒத்துப்போகவில்லை.

எனக்கும் அப்படி நடந்தது. எல்லாப் பாகங்களையும் தாங்கும் பலகையான மதர்போட்டில் (இனி போட்) 2018இல் வெளிவந்த பி450 வகை ஒன்றைப் பழையதாகவும், 2022இல் வெளிவந்த ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரொசசரைப் புதிதாகவும் வாங்கிப் பூட்டினேன். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, மொனிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்றது. போட்டைத் திருப்பி அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து, நன்றாக இயங்குகிறது என்ற குறிப்போடு அது வீட்டுக்கு வந்தது. கடையில் அதைச் சோதித்தவர் தம்மிடமிருந்த பழைய ரைசன் 5 2600ஐப் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னுடைய புரொசசர் எது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போட்டில் பதிந்திருந்த பயோஸ், அதாவது கணினி எழும்பும்போது பாகங்களை அடையாளம் காணும் மென்பொருள், 5600 பிறப்பதற்கு முன்னரே எழுதப்பட்டது என்பதுதான் முழு விடயமும்.

ஆகையால் கீழே உள்ளவற்றை அறிகுறியின்படி எழுதியிருக்கிறேன். உங்கள் கணினி என்ன செய்கிறது என்று பார்த்து, அந்தப் பகுதியை முதலில் வாசியுங்கள்.

தொடங்குமுன் ஒரு தாள்

ஒரு தாளை எடுத்து, புரொசசரின் முழுப் பெயரைக் கடைசி எழுத்தோடு சேர்த்து எழுதுங்கள். இன்டெல் 12400 என்பதும் 12400எஃப் என்பதும் வேறு வேறு பொருள்கள். அதன் கீழே போட்டின் பெயரையும், போட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும், ராமின் வகையையும் வேகத்தையும், கிராபிக்ஸ் காட்டின் பெயரையும், பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலுக்குக் கீழே உள்ள ஆம்பியர் எண்ணையும், மொனிட்டரின் பின்னால் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்பதையும் எழுதிவையுங்கள். இனி வரும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு இந்தத் தாளிலேயே விடை இருக்கிறது. கூரியரில் எதையாவது அனுப்பத்தான் வேண்டும் என்று வந்தால், இதன் பிரதியொன்றையும் பெட்டிக்குள் வையுங்கள்; என் ஒன்பது நாள் அதனால் மிஞ்சியிருக்கும்.

பாகம் தன் இடத்தில் உட்காரவே மறுக்கிறது

டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டு ராம்களுக்கும் 288 தொடுமுனைகள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அதனால் ஒன்றை மற்றதன் ஸ்லொட்டில் இறக்க முடியாது. இறங்கவில்லை என்றால் அழுத்துவதை நிறுத்திவிட்டுப் போட்டின் பெயரைப் பாருங்கள். ஏஎம்டி புரொசசர்களில், ஏஎம்4 சொக்கெட் (புரொசசர் உட்காரும் இடம்) உள்ள போட்டுகள் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 போட்டுகள் டிடிஆர்5 மட்டும் ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ1700 சொக்கெட்டில்தான் குழப்பம்: புரொசசர் இரண்டு வகை ராமையும் ஏற்கும், ஆனால் போட் எந்த ஒன்றுக்காகச் செய்யப்பட்டதோ அதை மட்டுமே ஏற்கும். ஒரே பெயரில் இரண்டு வகையாகவும் போட்டுகள் விற்கப்படுகின்றன. பெயரின் முடிவில் டி4 என்று இருக்கிறதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

பழைய குளிர்விப்பானை எல்ஜிஏ1700 போட்டில் பூட்டப் பார்ப்பவருக்கும் இதே கதைதான். முன்னைய எல்ஜிஏ1200 போட்டில் துளைகளுக்கிடையே 75 மில்லிமீற்றர்; இதில் 78. மூன்று மில்லிமீற்றர்தானே என்று வளைத்துப் பூட்டினால், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்று, வெப்பப் பிரச்சினையாக ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும்.

பொத்தானை அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை

முதலில் பவர் சப்ளையின் பின்னால் பாருங்கள். மலிவான பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு ஆளி ஒன்று இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த அல்லது எங்கிருந்தோ கைமாறி வந்த பவர் சப்ளையில் அது 115இல் நின்றால், மின்னை ஏற்றிய கணமே பட்டென்று வெடித்து ஓய்ந்துவிடும். இன்னும் மின் ஏற்றாதவர் இதை இப்போதே பார்த்துவிடலாம். ஏற்றிப் புகை கண்டவருக்கு வேறு பவர் சப்ளைதான்.

ஆளி சரியாக இருந்தும் அசைவு இல்லையென்றால், கேசிங்கின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்களைச் சந்தேகியுங்கள். போட்டின் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து, பவர் சுவிட்சுக்கான இரண்டு முனைகளை ஸ்குரூ டிரைவரின் நுனியால் ஒரு கணம் தொடுத்துவிடுங்கள். கணினி எழும்பினால் பிழை கேசிங்கின் பொத்தானில் இருக்கிறது. எழும்பாவிட்டால், போட்டைக் கேசிங்கிலிருந்து கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, புரொசசர், குளிர்விப்பான், ஒரு ராம் ஆகியவற்றோடு மட்டும் முயன்று பாருங்கள். வெளியில் எழும்பி உள்ளே எழும்பாத போட்டுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: போட்டுக்கு அடியில், துளை இல்லாத இடத்தில், ஒரு பித்தளைத் தாங்கி முளைத்து நிற்கிறது. பெரிய ஏரிஎக்ஸ் அளவுப் போட்டுக்குத் தாங்கி பூட்டிய கேசிங்கில் சிறிய மைக்ரோ ஏரிஎக்ஸ் போட்டைப் போடும்போது இது அடிக்கடி நடக்கும்.

விசிறி சுழல்கிறது, திரை கறுப்பு

அதிகமானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மிக மலிவான காரணத்திலிருந்து தொடங்குவோம்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி தன் கணினியை முச்சக்கர வண்டியில், மடியில் குழந்தையைப் போலக் கிடத்திக்கொண்டு வந்தான். "அண்ணா, காட் செத்துப்போச்சு, மூன்று நாளாக் கறுப்பு" என்றான். கணினியைத் திருப்பிப் பார்த்தேன். மொனிட்டரிலிருந்து வரும் எச்டிஎம்ஐ வயரைச் செருகிய தடம் போட்டின் துளையில் இருந்தது. கீழே கிராபிக்ஸ் காட்டின் துளைகளில் தூசு மூடி கூடக் கழற்றப்படவில்லை. அவனுடைய புரொசசர் ஐ3 12100எஃப். இன்டெல் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. ஆகவே போட்டில் உள்ள எச்டிஎம்ஐ துளை வெறும் அலங்காரம். வயரைக் கீழே மாற்றியதும் படம் வந்தது. அவன் முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த காசுதான் நட்டம்.

ஏஎம்டியில் இந்தக் கணக்கு வேறு. ஏஎம்4 வரிசையில் 5600, 5500 போன்றவற்றில் உள்கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி போல ஜி என்று முடிபவற்றில் உண்டு. காட் வாங்கக் காசு சேரும்வரை உள்கிராபிக்ஸில் ஓட்டலாம் என்று திட்டமிடுபவர் இந்த ஓர் எழுத்தைத் தவறவிட்டால், காட் வாங்கும்வரை கணினியே இல்லை.

அடுத்து மொனிட்டர். நம் வீடுகளில் இன்னும் விஜிஏ துளை மட்டும் உள்ள பழைய மொனிட்டர்கள் நிறைய உண்டு. என்விடியா தன் 10ஆம் வரிசைக் காட்டுகளிலிருந்து விஜிஏக்கு வேண்டிய அனலொக் சமிக்ஞையைக் கைவிட்டுவிட்டது. அவற்றின் டிவிஐ துளையில் வெறும் மாற்று முனையைச் செருகினால் படம் வராது. உள்ளே மின்சுற்று உள்ள எச்டிஎம்ஐ விஜிஏ மாற்றி வேண்டும். அதைப் போட்டும் கறுப்பாக இருந்தால், வேறொரு வீட்டின் எச்டிஎம்ஐ தொலைக்காட்சியில் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டே கணினியைக் குற்றம் சொல்ல வேண்டும்.

இவை சரி என்றால் இனி உள்ளே. போட்டின் மேல் இடது மூலையில், புரொசசருக்கு அருகே, 4 அல்லது 8 முனைகள் கொண்ட தனி மின்துளை இருக்கிறது. 24 முனை வயரை மட்டும் செருகிவிட்டு இதை மறந்தால் விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், புரொசசருக்கு மட்டும் உணவு இருக்காது. அதில் செருக வேண்டியது பவர் சப்ளையில் சிபியு என்று எழுதிய முனையைத்தான். காட்டுக்குரிய 8 முனையும் அதே உருவத்தில் இருந்து ஏமாற்றும். வடிவம் சிறிது வேறு, ஆனால் பலமாக அழுத்துபவரின் கைக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

பிறகு ராம். நான்கு ஸ்லொட் உள்ள போட்டில் ஒற்றை ராமை, புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லொட்டில் போடுங்கள். பெரும்பாலான போட்டுகளின் கையேடு அதையே சொல்லும். இரண்டு பக்கமும் கிளிக் என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். கடற்கரை ஊரில் வாங்கிய பழைய ராம் என்றால், அதன் தங்கநிறத் தொடுமுனைகளில் உப்புக்காற்றின் மங்கல் படிந்திருக்கலாம். பள்ளிப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை முழுவதும் தட்டிவிட்டு, மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்ககோலைத் துணியில் தொட்டுத் துடைத்துப் போட்டால் உயிர் வந்த ராம்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மாறாக, ஏஎம்5 போட்டில் புதிய டிடிஆர்5 ராமைப் போட்டவர் ஒன்றும் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும். முதல் தடவை போட் ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்நேரம் திரை கறுப்பாகவே இருக்கும். இடையில் பொறுமையிழந்து அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பல போட்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் உண்டு. எழும்பும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் போட் தடுக்கியிருக்கிறது. டிராமில் நின்றால் மேலே சொன்னது. விஜிஏயில் நின்றால் காட்டைக் கழற்றி மறுபடி இருத்தி, அதன் மேல்முனையில் மின்வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிபியுவில் நின்றால் பயோஸ் பக்கம் போக வேண்டும்.

சொக்கெட் ஒன்றாக இருப்பது பொருத்தத்தின் பாதி மட்டுமே. புரொசசரை அடையாளம் காணும் தகவல் போட்டின் பயோஸில் எழுதப்பட்டிருந்தால்தான் அது எழும்பும். பி450 போட்டில் ரைசன் 5000 வரிசைக்கும், 12ஆம் தலைமுறைக்காக வந்த எச்610 போட்டில் 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல்லுக்கும் புதுப்பித்த பயோஸ் வேண்டும். போட் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அந்தப் போட்டுக்கான புரொசசர் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு புரொசசருக்கு எதிரிலும் எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படும் என்று இருக்கும். வாங்குமுன் பார்க்க வேண்டிய ஒரே பக்கம் எது என்று யாரேனும் கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

போட்டின் பின்பக்கத்தில் பயோஸ் பிளாஷ்பேக் என்ற பொத்தான் இருந்தால் நீங்கள் தப்பினீர்கள். ஃபாட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில், கையேடு சொல்லும் பெயரை இட்டுப் பயோஸ் கோப்பைப் போட்டு, குறித்த யூஎஸ்பி துளையில் செருகி, 24 முனையையும் 8 முனையையும் மட்டும் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால், புரொசசர் இல்லாமலேயே புதுப்பித்துக்கொள்ளும். அந்தப் பொத்தான் இல்லையென்றால், போட் ஏற்கும் பழைய புரொசசர் ஒன்றை யாரிடமாவது அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்க வேண்டும். எனக்கு உதவியது பக்கத்துத் தெருவில் ரைசன் 3 வைத்திருந்த ஒரு மாணவர். புதுப்பிக்கும்போது மின் நின்றால் போட் கெட்டுப்போகும் என்பதால், மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பயோஸைப் புதுப்பித்தாலும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாத சோடிகளும் உண்டு. எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் இன்டெல் இரண்டு காலத்துப் போட்டுகளை வெளியிட்டது: 6ஆம், 7ஆம் தலைமுறைகளுக்கு 100, 200 வரிசைகள்; 8ஆம், 9ஆம் தலைமுறைகளுக்கு 300 வரிசை. ஐ5 8400 ஒரு எச்110 போட்டில் அழகாக உட்காரும், எழும்பாது. அதேபோல் பழைய கணினிகளில் பரவலாகக் கிடைக்கும் ரைசன் 5 3400ஜி, எண்ணைப் பார்த்தால் 3000 வரிசை போலத் தெரிந்தாலும், உள்ளே முந்தைய தலைமுறை. பி550, ஏ520 போட்டுகளுக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ ஆதரவில் அது இல்லை. இந்த இரண்டில் ஒன்றை வாங்கியவர் நேரத்தை வீணாக்காமல் ஒரு பக்கத்தை விற்றுவிட வேண்டும்.

விண்டோஸ் நிறுவும்போது சேமிப்பகம் தெரியவில்லை

போட்டில் நேரே பூட்டும் மெல்லிய சேமிப்பகத் துண்டுக்குச் சொல்லும் எம்.2 என்பது உருவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. அந்த உருவத்தில், ஹார்ட் டிஸ்க்கைப் போலப் பேசும் சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லொட்டில் சாட்டா வகையைப் பூட்டினால் திருகாணி வரை பொருந்தும், பயோஸில் தெரியாது. இன்னொன்று: சில போட்டுகளில் எம்.2 ஸ்லொட்டைப் பயன்படுத்தினால் குறித்த சாட்டா துளைகள் இரண்டு செயலிழக்கும். புதிய எம்.2 போட்ட அன்றே பழைய ஹார்ட் டிஸ்க் காணாமற்போனால், அதன் வயரை வேறு துளைக்கு மாற்றினால் போதும்.

விளையாட்டுத் தொடங்கிச் சில நிமிடங்களில் கணினி பட்டென்று அணைகிறது

விண்டோஸில் உலாவும்போது மணிக்கணக்கில் நின்று, விளையாட்டில் மட்டும் விழுந்தால், வெப்பத்தைவிடப் பவர் சப்ளையையே நான் முதலில் சந்தேகிப்பேன். இன்றைய புரொசசர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும், திடீரென்று விழாது. ரைசன் 5 5600க்கு எல்லை 90 பாகை, ஐ5 12400எஃப்புக்கு 100 பாகை. அந்த எல்லையை மீறி அணைகிறது என்றால், குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியிருக்க வேண்டும், அல்லது இன்டெல் குளிர்விப்பானின் நான்கு அழுத்து ஊசிகளில் ஒன்று பின்பக்கம் வராமல் நின்றிருக்க வேண்டும்.

பவர் சப்ளையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். அட்டவணையில் 12 வோல்ட்டின் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். புரொசசரும் காட்டும் உண்பது அந்த வழியில்தான். கேசிங்கோடு இலவசமாக வந்த "500 வாட்" பெட்டி ஒன்றில் நான் கண்ட எண் 22 ஆம்பியர். அதாவது 264 வாட். இப்போது செலவைக் கூட்டுங்கள். ஐ5 12400எஃப் உச்சத்தில் 117 வாட் எடுக்கலாம். ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட். போட், விசிறி, சேமிப்பகம் எல்லாவற்றுக்கும் ஒரு 50 வைத்தால் 337 வருகிறது. காட்டின் தேவை கண்ணிமைக்கும் நேரத்துக்கு இன்னும் மேலே தாவுவதும் உண்டு. 264இல் 337ஐ வாங்க முடியாது. பாதுகாப்புச் சுற்று நல்லதாக இருந்தால் அணையும், இல்லாவிட்டால் எரியும். அணைந்த பின் சுவரில் மின்னை நிறுத்திப் போட்டால்தான் மறுபடி எழும்புகிறது என்றால், பவர் சப்ளையின் பாதுகாப்பு விழுந்ததற்கு அது நல்ல அடையாளம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கேர்னல் பவர் 41 என்ற வரி இருப்பதைக் காட்டிப் பலர் தீர்ப்புச் சொல்வார்கள். அந்த வரி, கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதைவிட, செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது: விளையாட்டின் பிரேம் வேகத்தை 60க்குக் கட்டுங்கள், காட்டின் மின் எல்லையை அதன் மென்பொருளில் கால்பங்கு குறையுங்கள். இப்படி ஓட்டும்போது ஒரு மாலை முழுவதும் விழாமல் நின்றால், புதிய பவர் சப்ளைக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். சேரும்வரை அந்த எல்லையிலேயே விளையாடலாம்.

மலிவான கணினியில் காசை மிச்சம்பிடிக்க எல்லாரும் கை வைப்பது பவர் சப்ளையில்தான். என் கருத்தில் அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். ஆர்எக்ஸ் 6600 போன்ற 132 வாட் காட்டுக்கு ஏஎம்டி சொல்வது 450 வாட். அந்த 450 உண்மையான 450 ஆக இருக்க வேண்டும். காட்டுக்குரிய 8 முனை இல்லாத பவர் சப்ளையில், பழைய நான்கு முனை வயர்களை இணைத்து 8 ஆக்கும் மாற்றிகளைப் போடாதீர்கள். அந்த முனை இல்லாததே அந்தக் காட்டுக்கு அது போதாது என்பதன் அறிவிப்பு. கழற்றக்கூடிய வயர்கள் உள்ள பவர் சப்ளையில் இன்னோர் அபாயமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் வயர் மற்றொன்றில் செருகிக்கொள்ளும், ஆனால் உள்ளே 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கலாம். அப்படிச் செய்த ஒரே மாலையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை இழந்த நண்பர் எனக்கு இருக்கிறார். திருமணப் படங்கள் அவற்றில்தான் இருந்தன.

மின் தடைப்பட்டதும், யூபிஎஸ் இருந்தும் அணைகிறது

650 விஏ என்று விற்கப்படும் சிறிய யூபிஎஸ் கொடுப்பது பெரும்பாலும் 360 முதல் 390 வாட்தான். விளையாடும் கணினியும் மொனிட்டரும் சேர்ந்து அதை நெருங்கிவிடும். சுமை குறைவாக இருந்தும் அணைந்தால், யூபிஎஸ் பற்றரியிலிருந்து தரும் மின்னலையின் வடிவத்தைப் பாருங்கள். மலிவானவை படிப்படியாக உயரும் செயற்கை அலையைத் தருகின்றன. சில நல்ல பவர் சப்ளைகள் அந்த அலையை ஏற்காமல் விழுந்துவிடும். ஆக, பவர் சப்ளையை உயர்த்தியதும் பழைய யூபிஎஸ் பயனற்றுப் போவது விந்தையன்று. சைன் அலை தரும் யூபிஎஸ் வாங்கினால் சிக்கல் தீரும், விலைதான் தீராது.

அணையவில்லை, ஆனால் விளையாட்டு இழுக்கிறது

இங்கே முதலில் வெப்பம். இணையத்தில் காணும் சோதனைகள் பெரும்பாலும் 21, 22 பாகை அறையில் நடப்பவை. வைகாசி, ஆனி மாதங்களில் திருகோணமலையில் மின்விசிறி மட்டும் சுழலும் அறை பகலில் 33 பாகையைத் தொடும். குளிர்விப்பான் அறையின் வெப்பத்துக்குமேல் எவ்வளவு என்றுதான் கணக்குப் பார்க்கும். ஆகவே அவர்கள் 75 பாகை கண்ட இடத்தில் நாம் 86ஐக் காண்போம். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய அழகான கேசிங்கை விட்டு, வலைமுகம் உள்ளதை எடுப்பது இந்த ஊருக்குப் பொருத்தம். மூடியைத் திறந்துவைத்து விளையாடி இழுவை நின்றால் காரணம் கேசிங்தான்.

வெப்பம் இல்லையென்றால் ராம். 16 ஜிபி ஒற்றைத் துண்டைவிட 8 ஜிபி இரண்டு துண்டு நல்லது. உள்கிராபிக்ஸில் ஓடும் 5600ஜி போன்றவற்றில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும், ஏனெனில் அந்தக் கிராபிக்ஸுக்கு ராமைத் தவிர வேறு நினைவகம் இல்லை. நான்கு ஸ்லொட் போட்டில் அவற்றை இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். 3200 என்று வாங்கிய ராம் 2133 அல்லது 2400 என்று காட்டினால், பயோஸில் எக்ஸ்எம்பி என்பதை (ராமை வாங்கிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்க வேண்டும். 10ஆம் தலைமுறை ஐ3, ஐ5 புரொசசரை எச்510 போட்டில் பூட்டியவருக்கு மட்டும் 2666க்கு மேல் போகாது. அது பிழையன்று, அந்தச் சோடியின் எல்லை. எக்ஸ்எம்பியை இயக்கிய பின் நீலத்திரை வரத் தொடங்கினால், குறிப்பாக வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு துண்டுகள் என்றால், வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது காட்டின் பாதை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை மலிவு என்று வாங்குபவர் கவனிக்க வேண்டியது, அது நான்கு வழிப் பாதையில் மட்டுமே பேசுகிறது என்பது. அந்தப் பாதையின் பெயர் பிசிஐஇ; பிசிஐஇ 4.0 போட்டில் அது ஓரளவு சமாளிக்கும், 3.0 ஆகிவிட்டால் பாதை பாதியாகி, 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் திக்கித் திக்கி ஓடும். பி450 போட் 3.0. அதைவிட நுட்பமான பொறி என்னவென்றால், பி550 போட் வாங்கியும் புரொசசர் ரைசன் 5 5500 அல்லது 5600ஜி என்றால் பாதை 3.0தான், ஏனெனில் அந்தப் புரொசசர்களே 4.0 அறியாதவை. 6500 எக்ஸ்டி காட்டில் காணொளி பதிவுக்கான குறியாக்கியும் இல்லை என்பதால், விளையாடுவதைப் பதிவு செய்து போட நினைப்பவர் இதைத் தவிர்க்கலாம். இன்டெல் ஆர்க் காட்டுகள், புரொசசர் காட்டின் முழு நினைவகத்தையும் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை எதிர்பார்ப்பவை. அது இல்லாத பழைய போட்டில் அவற்றின் வேகம் பாதாளத்துக்கு இறங்கும்.

பழைய காட் வாங்கியவர் அதன் பெயரையும் சோதிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 அலகுகள் உள்ளதும் விற்கப்படுகிறது, 2048 அலகுகள் மட்டும் உள்ளதும் விற்கப்படுகிறது. இரண்டாவது செயலில் ஆர்எக்ஸ் 570க்கு அருகில்தான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி விஜிஏ துளையோடு ஒரு காட்டை யாரேனும் நீட்டினால் கையிலேயே வாங்காதீர்கள். மேலே சொன்னபடி அந்த வரிசையில் அனலொக் வெளியீடே இல்லை, பழைய சில்லு ஒன்றுக்குப் புதிய பெயரை எழுதி விற்கிறார்கள். ஜிபியு இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகளைப் பெயருக்கு முன்னாலேயே குறித்துக் காட்டும். விற்பவரின் வீட்டில், காசு கொடுக்குமுன், அதை ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அசைவு வழுக்கவில்லை என்று சொல்பவர்களில் சிலர், 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் வாங்கி விண்டோஸில் அதை 60லேயே விட்டிருப்பார்கள். காட்சி அமைப்பில் ஒரு சொடுக்கு.

கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்கிறது

கணினிப் பாகங்களின் பொருத்தம் சுவர்வரைக்கும் நீள்கிறது. பவர் சப்ளையின் வயரில் ஏர்த் முனை உண்டு. ஆனால் வட்டத்துளை சொக்கெட்டில் செருக வேண்டி இடையில் போடும் மலிவான மாற்றிகள் பலவற்றில் அது எங்கும் இணைவதில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டி, ஏர்த் இல்லாதபோது கேசிங்கைச் சுவர் மின்னழுத்தத்தின் பாதியளவில் மிதக்கவிடும். ஓட்டம் மிகச் சிறியது என்பதால் சுள்ளென்ற உணர்வோடு நிற்கிறது. ஆனால் மொனிட்டர் ஏர்த் உள்ள வேறு சொக்கெட்டில் இருக்க, கணினி இதில் இருந்தால், எச்டிஎம்ஐ வயரைச் செருகும் கணத்தில் அந்த வேறுபாடு காட்டின் துளை வழியாக இறங்கும். 13 ஆம்பியர் சதுரத்துளை சொக்கெட் ஒன்றில், ஏர்த் உண்மையில் இருக்கிறது என்று மின்வினைஞர் பார்த்துச் சொன்ன ஒன்றில், கணினியையும் மொனிட்டரையும் ஒரே பலமுனை வயரில் சேர்த்துப் போடுங்கள். அது ஆகும்வரை, எச்டிஎம்ஐ வயரைக் கழற்றுவதோ பூட்டுவதோ ஆனால் இரண்டு பிளக்குகளையும் சுவரிலிருந்து இழுத்த பிறகே செய்யுங்கள்.